கறிக்கடை வீட்டில் சைவ ரோஸ்ட்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்கே யார்க்‌ஷயர் பக்கம் ஆட்லி ஊரில் பாதிப் பேர் வில்ஃப் பூத்தின் கறிக்கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். வான்கோழி, வாத்து, பன்றித்தொடை என்று ஆளாளுக்குச் சொல்லி வைத்திருந்ததை வாங்கிப் போக வந்த கூட்டம். கல்லாப் பக்கம் நின்று பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த எனிட்டுக்கு மட்டும் மனம் பொட்டலத்தில் இல்லை. கடை மூலையில் அவள் புருஷன் வில்ஃப் ஒரு வாளியை மடியில் இடுக்கிக்கொண்டு, ஆள் குறைகிற நேரமெல்லாம் செஸ்ட்நட் கொட்டைகளின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். அதை யாரும் பார்த்துத் தொலைக்கக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதல் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"என்ன வில்ஃப், வான்கோழி வயித்துல அடைக்கவா?" என்று கேட்டார் தபால்காரர் லெஸ்.

"வான்கோழியே கிடையாது, லெஸ். எங்க வீட்ல நாளைக்கு ரோஸ்ட்டே இதுதான்."

வரிசை மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

"டாக்டர் ஏதாச்சும் சொல்லிட்டாரா?"

"இல்ல, விருந்துக்கு அணில் வருதோ என்னவோ."

"உன் தாத்தா கல்லறையில எழுந்து உட்கார்ந்திருப்பார்டா!"

வில்ஃப் தலையைத் தூக்கவில்லை. உள்தோல் கொஞ்சம்கூட ஒட்டாமல் ஒரு செஸ்ட்நட்டை உரித்து வாளியில் போட்டான். "எங்க அக்கா வர்றா" என்றான்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. லெஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன்னுடைய பன்றித்தொடைக்குக் கொஞ்சம் கொழுப்பு அதிகமாக வைக்கச் சொன்னார். மியூரியல் கதை அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது.

மியூரியல் பூத், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா கறிக்கடை, அப்பா கறிக்கடை, தம்பி கறிக்கடை என்று வந்த குடும்பத்தில் பிறந்து, ஐம்பது வயது வரை எல்லாரையும் போலச் சாப்பிட்டவள், ஒரு நாள் கறியை விட்டாள். அடுத்த வருஷம் முட்டையையும் பாலையும் விட்டாள். ஏன் என்று கேட்டால், "மனசுக்கு ஒப்பல" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஊருக்குப் பிரசங்கம் பண்ணியிருந்தாலாவது வில்ஃப் ஒரு சண்டை போட்டு விஷயத்தை முடித்திருப்பான். அவள் பேசாமல் இருந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ். அவள் தட்டில் உருளைக்கிழங்கும் காரட்டும் மட்டும். "இந்தக் குழம்பு வெறும் வெங்காயம்தான், தைரியமா ஊத்திக்கோ" என்று வில்ஃப் ஜாடியை நீட்டினான். அவள் நம்பி ஊற்றிக்கொண்டாள். நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னாள். கடைசி வாய் உள்ளே போனதும், "வாத்துக் கழுத்தையும் ஈரலையும் போட்டுக் கொதிக்க வச்சதாக்கும்! நல்லா இல்லாம எங்கே போகும்?" என்று மேஜையைத் தட்டிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். எனிட்டும் சிரித்தாள். அதை எனிட் மறக்கவே இல்லை. புருஷன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாதபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தாள்.

மியூரியல் சத்தம் போடவில்லை. துணியால் வாயைத் துடைத்து, துணியை மடித்து வைத்து, எழுந்து போனாள். அன்றைக்கு பஸ் கிடையாது. பனியும் மழையும் கலந்து அடிக்கிற வழியில் மூன்று மைல் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர்கூடக் குடித்ததில்லை. யார்க்‌ஷயரில் தேநீரை வேண்டாம் என்று சொல்வது முகத்தில் அறைவதற்குச் சமம். கல்யாணம் கருமாதிக்கு வருவாள். கைப்பையில் தாளில் சுற்றிய சாண்ட்விச் இருக்கும். தம்பி மகன் கீத்தின் கல்யாணத்தில்கூட ஒரு மூலையில் உட்கார்ந்து அதைத்தான் பிரித்துச் சாப்பிட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் வில்ஃபைப் பார்த்தார்கள்.

இந்த வசந்தத்தில், அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த ஆர்தர் செத்துப்போனான். மூன்று பேரில் இரண்டு பேர்தான் மிச்சம். குழிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தம்பி. நடுவில் யாரும் இல்லை. ஒரு வாரம் கழித்து வில்ஃப், "நான் சின்னதுல எப்படி இருந்தேன்னு தெரிஞ்ச ஆள் இனிமே அவ ஒருத்திதான்" என்றான்.

நவம்பரில் அவன் ஒரு கடிதம் எழுதினான். கடைப் பலகையில் சாசேஜ் விலையைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாதவன், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து நாலு வரி எழுதினான். "மியூரியல், கிறிஸ்துமஸுக்கு வா. நான்தான் சமைக்கிறேன். நீ சாப்பிடுவதையே நாங்களும் சாப்பிடுவோம். வில்ஃப்."

எனிட் படித்துப் பார்த்தாள். "மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை எழுதலையே?"

"அதைப் போய்க் காகிதத்துல எழுதுவாங்களா? சமைச்சுக் காட்டுறேன்."

நாலு நாளில் பதில் அட்டை வந்தது. "வருகிறேன். சாண்ட்விச் கொண்டுவர மாட்டேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். எனிட் அதை மூன்று தடவை படித்தாள். வெறுங்கையோடு வருகிறேன், நீ போடுவதை நம்பித் தின்கிறேன் என்று ஒரு மனுஷி எழுதியிருக்கிறாள். இதற்கு மேல் அவள் ஒன்றும் தர வேண்டியதில்லை. இந்த ஒரு சாப்பாடு கெட்டால் இன்னொரு சாப்பாடு கிடையாது என்பது எனிட்டுக்குத் தெரிந்தது. வில்ஃபுக்கும் தெரிந்தது.

அவன் நூலகத்திலிருந்து ஒரு சமையல் புத்தகம் எடுத்து வந்தான். முதல் ஞாயிறு மதியம் பருப்பும் செஸ்ட்நட்டும் பிசைந்து சுட்ட ரோஸ்ட், கத்தி பட்டதும் பொலபொலவென்று சரிந்து தட்டு முழுக்கப் பரவியது. "அப்பா, இதைக் கரண்டியால சாப்பிடணுமா, மண்வெட்டியாலயா?" என்று கேட்டான் கீத். முட்டை சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். முட்டை ஆகாதே. அடுத்த ஞாயிறு ரொட்டித்தூளை அதிகமாகப் போட்டான். அது செங்கல்லாக வந்து சேர்ந்தது. கீத்தின் மனைவி ஜில் மருமகள் என்கிற மரியாதைக்காக ஒரு துண்டு தின்றுவிட்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"வான்கோழி ஒண்ணு தனியா வச்சுடலாம்ப்பா. அத்தைக்கு மட்டும் இது" என்றான் கீத்.

"கிடையாது. ஒரு மேஜை, ஒரு ரோஸ்ட்."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அது கடையில. மேஜையில ஒருத்தரும் சிரிக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் அவன் தனியாக உட்கார்ந்து, "நாற்பது வருஷமா சாசேஜ் சுத்துறேன். நாலு பருப்பைச் சேர்த்து நிமிர்ந்து நிக்க வைக்கத் தெரியலையே எனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே இருந்தவன் பாதியில் நிறுத்தினான். பன்றி ரத்தத்தில் கறுப்புப் புட்டு என்கிற சாசேஜ் செய்கிறபோது அதைக் குழையாமல் பிடித்து நிறுத்துவது எது? பார்லி. அந்த வட்டாரத்துக் கறிக்கடைக்காரன் பிறந்ததிலிருந்து பார்க்கிற பார்லி. புத்தகம் எழுதிய அம்மாளுக்கு அது எங்கே தெரியப் போகிறது? அவன் புத்தகத்தை மூடிவிட்டு, தன் தொழிலைத் திறந்துகொண்டான்.

மூன்றாம் ஞாயிறு எனிட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பார்லியைக் கூழாக வேக வைத்து முழுக்க ஆற விட்டான். சாசேஜ் கறி பிசைவது போலவே கலவையைக் குளிர வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி அழுத்திப் பிசைந்தான். காற்றுக் குமிழி தங்காமல் சுடுகிற டின்னைத் தட்டித் தட்டி நிரப்பினான். கூடமாட உதவிக்கு இருந்த எனிட்தான் டின்னுக்கு எண்ணெய் தடவிக் கொடுத்தாள். முதல் இரண்டு தடவையும் அவளேதான். வெந்து வந்ததைக் கத்தியால் மெல்லிசாக நறுக்கினான். துண்டு மடியாமல், உதிராமல் நின்றது. எனிட் ஒரு வாய் போட்டாள். சும்மா சொல்லக் கூடாது, இரண்டாவது துண்டுக்கு அவள் கை தானாக நீண்டது. இத்தனை வருஷம் இந்த ஆளின் பலம் கோடரியில் இருக்கிறது என்று நினைத்திருந்தோமே, விரலில் அல்லவா இருந்திருக்கிறது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று விடியும்போதே அவன் அடுப்படியில் இருந்தான். முந்தின சாயங்காலமே அலமாரி, மேஜை, அடுப்பு எல்லாவற்றையும் சோடா போட்டுக் கழுவியாகிவிட்டது. புதுப் பலகை, புதுக் கத்தி, புது ஏப்ரன். வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்த பன்றி இறைச்சியும் வெண்ணெயும் கடைக் குளிர் அறைக்குப் போய்விட்டன. பூனைக்கு வாங்கி வைத்திருந்த மீன் டின்னைக்கூட அவன் தோட்டத்துக் கொட்டகைக்குக் கடத்திவிட்டான். பூனை அதைத் தனக்குச் செய்த அநியாயமாக எடுத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்து முறைத்தது.

வெங்காயத்தை அவசரமே இல்லாமல் பொன்னிறத்துக்குக் கொண்டுவந்தான். காளானை எண்ணெய் இல்லாமல் சட்டியில் போட்டு, அது விட்ட தண்ணீர் வற்றும் வரை பொறுத்திருந்தான். அக்ரூட் பருப்பை வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டினான். செஸ்ட்நட்டில் பாதியை மசித்து, பாதியை முழுசாக விட்டான். பிறகு இடமும் வலமும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். எனிட்டுக்குச் சிரிப்பு வந்தது. பூத் கடை சாசேஜ் மசாலா. வெள்ளை மிளகு, ஜாதிபத்திரி, இன்னும் என்னென்னவோ. கட்டிய பெண்டாட்டிக்கே அவன் கணக்குச் சொன்னதில்லை.

"உங்க அப்பா பார்த்தா என்ன சொல்வார்?"

"உப்பு பத்தலைம்பார். போ, போய் மேஜையைப் பாரு. வந்துடுவாங்க."

எனிட் முன்னறைக்குப் போனாள். வெள்ளை விரிப்பைப் போட்டு, ஐந்து தட்டு வைத்து, ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் இழுத்தால் வெடிக்கிற காகித வெடி ஒன்றை வைத்தாள். உருளைக்கிழங்கை எண்ணெயில் அவளே காலையில் புரட்டி வைத்திருந்தாள். காளான் குழம்பு தயார். கொழுப்பு சேராத கிறிஸ்துமஸ் பழப் புடிங் தயார். அடுப்புக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ரோஸ்ட் உள்ளே போயாயிற்று.

பன்னிரண்டரைக்கு வண்டி வந்தது. ஜில்லின் கார் குளிரில் கிளம்ப மறுத்ததால், சிரிக்கிற பன்றிப் படம் போட்ட கடை வண்டியில் கீத் அத்தையையும் ஜில்லையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"மன்னிச்சுக்கங்க, அத்தை. வேற வழியில்ல."

"இருக்கட்டும்ப்பா. வழியெல்லாம் சிரிச்ச முகமா வந்தது அந்தப் பன்றி ஒண்ணுதான்" என்றாள் மியூரியல்.

அறுபத்து நான்கு வயது. முதுகு இன்னும் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நேராக இருந்தது. கையில் சின்னப் பை. ஒரு கைக்குட்டையும் சாவியும் போனால் நிறைந்துவிடும். எனிட் பயந்து பயந்து, "பால் இல்லாம ஒரு டீ போடவா?" என்று கேட்டாள். "போடேன்" என்றாள் மியூரியல். எனிட் அடுப்படிக்குப் போனபோது கண் கலங்கி, கெண்டியே சரியாகத் தெரியவில்லை.

அக்காவும் தம்பியும் அடுப்படி வாசற்படியில் கைகுலுக்கிக்கொண்டார்கள். "வாசனை நல்லாயிருக்கு" என்றாள் அவள். "ம்" என்றான் அவன். இவ்வளவு பேசியதே அந்தக் குடும்பத்தில் பெரிய பேச்சு.

ஒரு மணிக்கு ரோஸ்ட்டை வெளியே எடுத்து வைத்தான். மேல் பக்கம் செம்மண் நிறத்தில் மொறுமொறுவென்றிருந்தது. "பத்து நிமிஷம் சும்மா கிடக்கட்டும். கறியோ பருப்போ, சூட்டோட வெட்டினா கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்ற மாடிக்குப் போனான். பெரிய தட்டை எடுக்க எனிட் அடுப்புக்கு மேலிருந்த பலகையை எட்டினாள். அங்கே அந்தக் கிண்ணம் இருந்தது.

மாட்டுக்கொழுப்பை உருக்கி ஆறவைத்த கிண்ணம். அந்த ஊரில் அது இல்லாத அடுப்படி கிடையாது. ரொட்டியில் தடவுவார்கள், கிழங்கு வறுப்பார்கள், டின்னில் பூசுவார்கள். அதை யாரும் மாமிசம் என்று நினைப்பதே இல்லை. உப்பு மாதிரி அது ஒரு சாமான். அதனால்தான் பூனையின் மீன்வரைக்கும் நாடு கடத்தியவன் கண்ணில் அது படவே இல்லை. மேலே மூடியிருந்த துணி ஒதுங்கியிருந்தது. வழவழவென்று உறைந்திருந்த வெள்ளைக் கொழுப்பின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குப் புதிதாக ஒரு பள்ளம்.

எனிட் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கிழங்குக்கு அவள்தான் எண்ணெய் விட்டாள். குழம்புக்கும் எண்ணெய்தான். வேறெதற்கு? டின். இன்றைக்கு அவள் பக்கத்தில் இல்லை. நாற்பது வருஷமாகக் கடைப் பண்டம் சுடுகிற டின்களில் தினம் இருபதுக்கு இரண்டு விரலால் கொழுப்பு தடவிய கை, மனசைக் கேட்காமலே அந்தப் பலகைக்குப் போய்விட்டு வந்திருக்கிறது. வில்ஃபுக்கு அது தெரியவே தெரியாது.

முன்னறையில் மியூரியலின் குரல் கேட்டது. ஜில்லிடம் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்துப் பதினோரு வருஷம். சொன்னால் என்ன ஆகும்? அவன் பழையபடி ஏமாற்றினான் என்றுதான் நினைப்பாள். யார்தான் நினைக்க மாட்டார்கள்? வேண்டுமென்று செய்யவில்லையே, ஓரத்தில் ஒரு பூச்சு, வாசனைகூடத் தெரியாதே என்று எனிட் தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். கிண்ணத்தைத் துணியால் மூடி, பலகையின் கோடிக்குத் தள்ளினாள். தட்டை எடுத்து ரோஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போய் மேஜையில் உட்கார்ந்தாள்.

காகித வெடிகளை இழுத்தார்கள். உள்ளிருந்து விழுந்த காகிதக் கிரீடங்களைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். மியூரியலுக்கு ஊதாக் கிரீடம். வில்ஃப் ரோஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கீத்துக்கே வாயில் ஜோக் எதுவும் வரவில்லை. அவ்வளவு லட்சணமாக இருந்தது. கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தான். துண்டு முழுசாகச் சாய்ந்து படுத்தது. செஸ்ட்நட் வெள்ளையும் காளான் கறுப்பும் கீரைப் பச்சையும் பளிச்சென்று தெரிந்தன. முதல் துண்டு அக்காவுக்கு.

"அழகா இருக்கு, வில்ஃப். நிஜமாவே."

அவன் காது சிவந்தது. எல்லாருக்கும் பரிமாறினான். "குழம்பை மறந்துட்டேன், இரு" என்று உள்ளே போனான்.

குழம்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று எனிட் நினைத்துப் பார்த்தாள். பலகையின் கோடியில். அவள் கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். மியூரியல் ஒரு சின்னத் துண்டை வெட்டினாள். முள்கரண்டியில் குத்தினாள். நிதானமாகத் தூக்கினாள்.

வில்ஃப் வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் ஜாடி. மறு கையின் இரண்டு விரல்களை, வேறு யாருடையவோ போல, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்திருந்தான்.

"மியூரியல், கீழே வை. அதைத் திங்காதே."

முள்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"டின்னுல மாட்டுக்கொழுப்பைத் தடவியிருக்கேன். வேணும்னு பண்ணல. எப்பப் போச்சு கைன்னே தெரியல எனக்கு. ஜாடியை எடுக்கும்போது துணி விலகிச்சு, கிண்ணத்துல பள்ளம் விழுந்திருக்கு. விரலை வச்சுப் பார்த்தேன். என் விரல்தான்."

"அப்பா, ஓரத்துல ஒரு துளி. அதுக்குப் போய்..." என்று ஆரம்பித்தான் கீத்.

"நீ சும்மா இருடா."

"ஓரத்தை வெட்டிட்டா சரியாயிடாதா, மாமா?" என்றாள் ஜில்.

"ஆகாது. கொழுப்பு இழுத்துக்கிட்டே உள்ள போகும். அதைப் பத்தி என்கிட்ட யாரும் சொல்ல வேண்டாம்." வில்ஃப் அக்காவைப் பார்த்தான். "நீ நம்ப மாட்டே. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். அன்னைக்குப் பண்ணினது வேணும்னே பண்ணினது. உனக்கு எது பெருசுன்னு தெரிஞ்சே பண்ணினேன். அதுக்கு மேல சிரிச்சேன். பதினோரு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு இருந்து வாயில வரல. மன்னிச்சுக்கோ. இன்னைக்கு உனக்கு நல்லதாப் போடணும்னுதான் நினைச்சேன். அதுவும் போச்சு."

தலையில் பச்சைக் காகிதக் கிரீடம் கோணலாக நிற்க, கையில் ஆறிக்கொண்டிருக்கும் குழம்போடு, பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு அவன் நின்றான். எனிட் அவனைப் பார்த்தாள். இவனை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறாள். முரடன் என்று, வாய்க்கொழுப்புப் பிடித்தவன் என்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு அவனுக்கு அக்கா கிடைத்திருப்பாள். எனிட் அதைத்தான் செய்தாள். அவனால் முடியவில்லை. தன்னைவிட எவ்வளவு உயரமான ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மியூரியல் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். தட்டை ஒரு சாண் தள்ளினாள். எழுந்துவிடப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"கலவை மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஒரு கிண்ணம். டின் கொள்ளல."

"அப்ப போய்த் தட்டையாத் தட்டிச் சுட்டு எடுத்துட்டு வா. காலையிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடல. பசி கொல்லுது."

வில்ஃப் தன் இரண்டு விரலையும் பார்த்தான். கீத் தன்னால் ஆன உதவியைச் செய்தான். "அத்தை, வேணும்னா நீங்களும் கூடப் போய் நின்னு பாருங்களேன். அப்பா எதைத் தொடறார்னு."

"எதுக்கு? தப்பாத் தொட்டா அவனே வந்து சொல்வான்" என்றாள் மியூரியல்.

வில்ஃப் ஜாடியை மேஜையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனான். அடுப்படியிலிருந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது. அப்புறம் குழாயில் கை கழுவுகிற சத்தம், நீளமாக.

எனிட்டால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. "நான் முன்னாடியே பார்த்தேன்" என்றாள். "தட்டு எடுக்கப் போனப்பவே பார்த்துட்டேன், மியூரியல். மூடி வச்சுட்டு வந்து உட்கார்ந்தேன். அன்னைக்கும் சிரிச்சேன் நான்."

"ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது" என்றாள் மியூரியல். "டீயைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தே. சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்ததுலேர்ந்து தட்டைத் தவிர எதையும் பார்க்கல. முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களை மேய்ச்சவ நான்."

"தெரிஞ்சுமா வாய்க்குக் கொண்டுபோனே?"

"மெதுவாத்தானே கொண்டுபோனேன்? ரெண்டு பேர்ல யாராச்சும் சொல்றீங்களா பார்க்கலாம்னுதான்."

"யாரும் சொல்லலைன்னா?"

"நடக்கத் தெரியாதா எனக்கு? மூணு மைல்தானே." எனிட்டின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மியூரியல் மடியிலிருந்த துணியை எடுத்து நீட்டினாள். "துடைச்சுக்கோ, கண்ணு. இப்பச் சொன்னியே, அது போதும். கிழங்காவது நல்லதா?"

"நல்லது. நான் செஞ்சது. சத்தியமா."

"அப்ப அதை இந்தப் பக்கம் தள்ளு."

மற்ற நாலு தட்டில் ரோஸ்ட் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் தொடவில்லை. கீத் ஒரு முறை முள்கரண்டியை எடுத்தான், மனைவி பார்த்த பார்வையில் திரும்ப வைத்தான். உள்ளே சட்டியில் ஏதோ சொர்ரென்று விழுந்தது. வெங்காயமும் பருப்பும் முறுகுகிற வாசனை முன்னறை வரைக்கும் வந்தது.

வில்ஃப் சட்டியோடு வந்தான். மூன்று வட்டங்கள், தட்டையாக, ஓரம் கருகாமல், நடுவில் பொன்னிறமாக. புதிதாக ஒரு தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, மூன்றையும் அதில் இட்டான். கண் சிவந்திருந்தது. நகர்ந்து போகாமல் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"சூரியகாந்தி எண்ணெய்" என்றான். "புது பாட்டில். இப்பத்தான் உடைச்சேன். சட்டியும் புதுசு, கரண்டியும்..."

"நான் கேட்டேனா?" என்றாள் மியூரியல், வாய் நிறைய வைத்துக்கொண்டு.